கரண்ட் போனா சம்ப் நிரம்பி வழியுது – 5 அடி அரோவானா தொட்டி

கித்தாக்காடு31:

வணக்கம். இடம் மலேசியாவில சுங்கை சிப்புட், எஸ்டேட் ரோட்டை ஒட்டின தாமான் (குடியிருப்பு) வீடு. இந்த மாசம் சாயங்காலம் ஆனா இடி, இடி விழுந்தா கரண்ட் போகுது. சில நாள் டிஎன்பி (மின்சார நிறுவனம்) லைனே போகுது, சில நாள் வீட்டு பாக்ஸ்ல ட்ரிப் ஆகுது. எது போனாலும் கேபினட்டுக்குள்ள இருக்கிற சம்ப் (மீன் தொட்டித் தண்ணி இறங்கி, வடிகட்டி, திரும்ப மேலே ஏறற கீழ்த்தொட்டி) வழிஞ்சு ஹால் முழுக்கத் தண்ணி.

அளவு எல்லாம் டேப் வச்சு எடுத்தது. தொட்டி 5 x 2 x 2 அடி. மூலையில் ஓவர்ஃப்ளோ பெட்டி (தண்ணி இதுக்குள்ள வழிஞ்சு சம்புக்கு இறங்கும்), சீப்புப் பல் வச்சது. பம்ப் ஓடும்போது தண்ணி சீப்பு உதட்டுக்கு மேல 2 செ.மீ. நிக்குது. அதுக்கு மேல தொட்டி விளிம்புக்கு இன்னும் 4 செ.மீ. இருக்கு. ரிட்டர்ன் பைப் (பம்ப் தண்ணியை மேலே ஏத்தற பைப்) 1 இன்ச், விளிம்பு மேல ஏறி உள்ளே இறங்குது. அதோட வாய் தண்ணி மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே. கடைக்காரர் அப்படித்தான் வச்சுக் கொடுத்தாரு, அடியில அழுக்கு தங்காதுன்னு சொன்னாரு.

சம்ப் 90 செ.மீ. நீளம், 38 அகலம், 38 உயரம். மூணு அறை: முதல் அறை 20 செ.மீ. (ஃபில்டர் சாக்), நடு அறை 40 செ.மீ. (மீடியா), ரிட்டர்ன் அறை 30 செ.மீ. தடுப்புக் கண்ணாடி 26 செ.மீ. உயரம். ஓடும்போது முதல் ரெண்டு அறையிலும் தண்ணி 27, ரிட்டர்ன் அறையில் 20. பம்ப் மணிக்கு 4000 லிட்டர், 60 வாட்.

பெரிய சம்ப் மாத்தணுமா, செக் வால்வு (தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடறது) போதுமா, இல்ல யூபிஎஸ் வாங்கணுமா? மூணுக்கும் செலவு பண்ண முடியாது, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

——

சம்ப்கணக்கு:

மூன்றுமே வேண்டாம். உங்கள் சம்ப் போதும். தப்பு அந்த 12 செ.மீ.யில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 x 2 அடி தொட்டியின் மேற்பரப்பு ஏறக்குறைய 9000 சதுர செ.மீ. அதாவது தொட்டியில் தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால் 9 லிட்டர் கீழே வந்துவிட்டது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

பம்ப் நின்றதும் தண்ணீர் இரண்டு வழியில் கீழே வரும். ஒன்று ஓவர்ஃப்ளோ. சீப்பு உதட்டுக்கு மேல் நிற்கும் 2 செ.மீ. வழிந்து இறங்கும்: 18 லிட்டர். உதட்டுக்குக் கீழே போனதும் அந்த வழி தானாக நின்றுவிடும். இன்னொன்று ரிட்டர்ன் பைப். பம்ப் தள்ளாதபோது அதே பைப் சைஃபன் ஆகிப் பின்னோக்கி இழுக்கும். அதன் வாய்க்குக் காற்று கிடைக்கிற வரை நிற்காது. உங்கள் பைப்பின் வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. 12 x 9 = 108 லிட்டர். (மேலே சொன்ன 18 லிட்டர் இதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கூட்ட வேண்டாம்.) பெட்டிக்குள் இருப்பது, இரண்டு பைப்பிலும் இருப்பது என்று ஒரு 4 லிட்டர் சேர்த்தால் 112.

இப்போது சம்பில் எவ்வளவு இடம்? விளிம்பு 38, பாதுகாப்புக்கு 2 செ.மீ. விட்டு 36 என்று வைப்போம். முதல் இரண்டு அறையும் சேர்ந்து 60 செ.மீ. நீளம், 38 அகலம். அவற்றில் 27க்கு மேல் 9 செ.மீ.தான் காலி: 20 லிட்டர். ரிட்டர்ன் அறை 30 x 38, அதில் 20க்கு மேல் 16 செ.மீ.: 18 லிட்டர். ஆக 38 லிட்டர். பலர் சம்பின் மொத்தக் கொள்ளளவில் பாதியைக் காலி இடமாக நினைத்துக்கொள்கிறார்கள். தடுப்புக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அறைகள் எப்போதும் நிறைந்தே இருக்கும், அவை கணக்கில் வராது.

112 வருகிறது, 38 கொள்ளும். மீதி 70 லிட்டருக்கு மேல் ஹாலில்.

செய்ய வேண்டியது இது. ரிட்டர்ன் பைப்பின் உள்பக்கத் துண்டை வெட்டி, வாயின் மேல் உதடு ஓடும் மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே வருமாறு வையுங்கள். மேல் உதடு என்று சொன்னதைக் கவனிக்கவும். காற்று அங்கேதான் முதலில் நுழையும். எல்போவை (வளைவுத் துண்டை) கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் அளவு மாறிவிடும், திருப்பிய பிறகு அளந்து பாருங்கள். இப்போது 3 x 9 = 27, பைப்பு பெட்டியோடு 31 லிட்டர். 38க்குள் வந்துவிட்டது. எந்த வால்வும் இல்லாமல், எந்த ஓட்டையும் இல்லாமல்.

இதோடு கூடுதலாக ஓட்டை. உள்ளே இறங்கும் பைப்பில், ஓடும் மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே, 6 மி.மீ. ட்ரில்லில் எதிரெதிராக இரண்டு. பைப்பைக் கழற்றி வெளியே வைத்துத்தான் ட்ரில் செய்ய வேண்டும். உள்பக்கம் பிளாஸ்டிக் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி எடுக்காவிட்டால் அந்தப் பிசிறிலேயே பாசி பிடித்து ஒரு மாதத்தில் அடைத்துவிடும். ஓட்டையை மட்டத்துக்கு மேலே போட்டால் பம்ப் ஓடும்போது பீச்சியடிக்கும், மூடி, விளக்கு எல்லாம் நனையும். மட்டத்துக்குக் கீழே இருந்தால் சத்தமே வராது, தண்ணீருக்குள் தண்ணீர் போகும். கரண்ட் போய் மட்டம் 1 செ.மீ. இறங்கியதும் காற்று உள்ளே போய் சைஃபன் உடையும். அதன்பிறகு சீப்பு வழியாக மீதி 1 செ.மீ. வழியும், அவ்வளவுதான்: 18 + 4 = 22 லிட்டர்.

ஓட்டையை நம்பி வாயை 12 செ.மீ. ஆழத்திலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு நத்தைக் குஞ்சு போதும் 6 மி.மீ. ஓட்டையை அடைக்க. ஓட்டை அடைத்த நாளிலும் சம்ப் கொள்ள வேண்டும், அப்படி வாயின் உயரத்தை வையுங்கள். ஓட்டை கூடுதல் காவல்.

அடி அழுக்குக்கு ரிட்டர்ன் வாயை ஆழத்தில் வைப்பது தேவையில்லாத வேலை. ஒரு சின்ன வேவ்மேக்கர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) வாங்கிப் பின்கண்ணாடியில் ஒட்டி அடிப்பக்கம் பார்த்து வைத்தால் அது செய்யும். ரிட்டர்ன் மேலே ஓடினால் தண்ணீர் மேற்பரப்பு அசையும். நம்ம ஊர்ச் சூட்டில், 29 – 30 டிகிரித் தண்ணீரில், அரோவானாவுக்கு அந்த அசைவுதான் மூச்சு.

——

பைப்புக்கடை_தைப்பிங்:

தம்பி, மேலே சொன்ன கணக்கு சரி. ஆனா செக் வால்வை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். சரியா மாட்டத் தெரியாமத்தான் நிறையப் பேர் அதைத் திட்டுறாங்க.

ஹார்ட்வேர் கடையில ரெண்டு மாதிரி கிடைக்கும். ஸ்பிரிங் வச்சது ஒண்ணு, அது குழாய்த் தண்ணி பிரஷருக்குச் செஞ்சது. சம்ப் பம்புக்கு அந்த ஸ்பிரிங்கைத் தள்ளவே பலம் போயிடும், தொட்டிக்கு ஏறுற தண்ணி குறையும். இன்னொண்ணு உள்ளே மடிப்புக் கதவு தொங்குறது. அதுதான் வேணும், கண்ணுக்குத் தெரியிற மாதிரி தெளிவான பிளாஸ்டிக் உடம்போட இருந்தா நல்லது, அழுக்கு தெரியும். உடம்புல அம்புக்குறி இருக்கும், அம்பு மேல் நோக்கி, பைப் செங்குத்தா இருக்கிற இடத்தில மாட்டணும். படுக்கையா மாட்டினா கதவு சில நேரம் முழுசா மூடாம போகலாம்.

ரெண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றற இணைப்பு) போடணும். இதை யாரும் செய்யறதில்ல. பசை போட்டு ஒட்டிட்டா அப்புறம் கழற்றிச் சுத்தம் பண்ண வழியில்ல, பைப்பை வெட்டணும். மாசம் ஒரு தடவை கழற்றி, வினிகர்ல ஒரு மணி நேரம் ஊற வச்சு, கதவோட ரப்பர் உதட்டை விரலால தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு இருந்தா பாசிப் படலம், மணல் மாதிரி இருந்தா சுண்ணாம்பு. ரெண்டுமே கதவை ஒரு மயிரிழை திறந்தபடி வைக்கும். அந்த மயிரிழைதான் ராத்திரி முழுக்கத் தண்ணி விடும்.

1 இன்ச் பைப்புக்கு 1 இன்ச் வால்வு போடாம ஒன்றேகால் இன்ச் போட்டு ரெண்டு பக்கமும் குறைச்சுக்கிட்டா ஓட்டம் அவ்வளவா குறையாது.

——

சம்ப்கணக்கு:

அண்ணே, நீங்கள் சொன்னபடி மாட்டி, நீங்கள் சொன்னபடி மாதா மாதம் கழுவினால் வேலை செய்யும், மறுக்கவில்லை. மாதா மாதம் கழுவுகிற ஆள் யார் என்பதுதான் என் சந்தேகம். முதல் மூன்று மாதம் கழுவுவார்கள். அதனால்தான் வால்வு இல்லாமலே கணக்கு நிற்கட்டும் என்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. செக் வால்வு வேலை செய்கிற வரை ரிட்டர்ன் வழியாகத் தண்ணீர் கீழே வராது. அதைப் பார்த்துப் பழகிய கண், சம்பில் இன்னும் இடம் இருக்கிறதே என்று ரிட்டர்ன் அறையில் தண்ணீரைக் கூட ஊற்றிவிடும். வால்வு ஒருநாள் கசியும்போது வருவதோடு சேர்த்து ஊற்றிய கூடுதலும் வழியும்.

கரண்ட் போகும்போது மட்டும் இல்லை, திரும்பி வரும்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் உடனே தள்ள ஆரம்பிக்கும். வடிகால் பைப் ஏதோ காரணத்தால் அடைத்திருந்தால் மேல் தொட்டி வழியும். உங்கள் ரிட்டர்ன் அறையில் 20 செ.மீ. தண்ணீர், பம்பின் வாய் 8 செ.மீ.யில் இருக்கும் என்று வைத்தால், அது இழுக்கக்கூடியது 12 x 30 x 38, ஏறக்குறைய 14 லிட்டர். தொட்டியில் ஓடும் மட்டத்துக்கு மேல் 4 செ.மீ. காலி: 36 லிட்டர். ஆக வடிகால் முழுசாக அடைத்தாலும் பம்ப் காற்றை இழுத்து இரைச்சல் போடுமே தவிர தொட்டி வழியாது. ரிட்டர்ன் அறையைச் சின்னதாக வைப்பது இதற்குத்தான். பெரிய சம்ப் வாங்கி ரிட்டர்ன் அறையையும் பெரிதாக்கிக்கொண்டால் இந்தக் காவல் போய்விடும்.

தொட்டியில் ஓட்டை போடாமல் விளிம்பில் தொங்கவிட்ட ஓவர்ஃப்ளோ பெட்டி, வளைந்த குழாய் வைத்தது, அதற்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கரண்ட் போனபோது அந்தக் குழாயில் காற்று புகுந்துவிட்டால், கரண்ட் வரும்போது பம்ப் ஏற்றும், குழாய் இறக்காது. உங்களுடையது மூலைப் பெட்டி என்பதால் தப்பித்தீர்கள்.

வடிகால் பைப் எந்த வகை? முழு சைஃபனாக வால்வு வைத்துச் சத்தம் அடக்கினதா, இல்லை தலையில் காற்று போக ஓட்டை வைத்ததா?

——

கித்தாக்காடு31:

ரெண்டு பைப் இருக்கு. ஒண்ணுல கேட் வால்வு, சத்தமே வராது. இன்னொண்ணு அதை விட உயரமா நிக்குது, அதுல தண்ணி போறதில்ல, அவசரத்துக்குன்னு சொன்னாரு. வால்வு வச்ச பைப் சம்ப் முதல் அறையில 10 செ.மீ. முங்கி இருக்கு.

கரண்ட் வந்ததும் ஒரு பத்து நிமிஷம் குடுகுடுன்னு சத்தம் போட்டு அவசரப் பைப்லதான் தண்ணி போகுது. சில நாள் அடங்கவே இல்ல, வால்வைத் திறந்து மூடினாத்தான் அடங்குது.

——

சம்ப்கணக்கு:

10 செ.மீ. அதிகம். சொன்னதே காரணத்தைக் காட்டிவிட்டது.

கரண்ட் போனால் பைப்புக்குள் காற்று நிறைந்துவிடும். திரும்ப ஓடும்போது இறங்கும் தண்ணீர் அந்தக் காற்றைப் பைப்பின் கீழ் வாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். ஓடும்போது 10 செ.மீ. முங்கியிருக்கும் வாய், கரண்ட் போய் சம்ப் விளிம்பு வரை நிரம்பினதும் 21 செ.மீ. முங்கிவிடும். அவ்வளவு ஆழத்துக்குக் காற்றைத் தள்ளத் தலைமேல் தண்ணீர் போதாமல் போனால் காற்று பாதியில் மாட்டிக்கொள்ளும். அதுதான் குடுகுடு.

பைப்பின் கீழ் முனையை வெட்டி, ஓடும் மட்டத்துக்கு 2 – 3 செ.மீ. மட்டும் முங்குகிற மாதிரி வையுங்கள். 45 டிகிரிச் சாய்வாக வெட்டினால் காற்று ஒரு பக்கமாக நழுவிப் போகும். அவசரப் பைப்பின் கீழ் முனை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முதல் பைப்பில் ஏதோ கோளாறு என்று தெரியும். சத்தம் வருவது நல்லது.

கேட் வால்வை எவ்வளவு திறந்திருக்கிறீர்கள் என்று மார்க்கர் பேனாவால் கைப்பிடியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வீட்டில் யாராவது சுத்தம் செய்யும்போது திருப்பிவிடுவார்கள்.

——

மீனவன்_பினாங்கு:

எல்லாரும் பெரிய பைப்பையே பேசுறீங்க, ஏர் பம்பை யாரும் கேட்கலையே. கேபினட்டுக்குள்ள சம்ப் பக்கத்துல ஏர் பம்ப் வச்சு, அங்கிருந்து ட்யூப் மேலே தொட்டிக்குப் போனா, கரண்ட் போன நிமிஷம் அந்த 4 மி.மீ. ட்யூபும் ஒரு சைஃபன்தான். தண்ணி பம்புக்குள்ள வந்து, அதோட ஓட்டை வழியா எக்ஸ்டென்ஷன் மேலேயே சொட்டும். ஒரு மணி நேரத்தில சில லிட்டர் வந்துடும், சம்ப் வழியலையேன்னு நிம்மதியா இருப்பீங்க, தரை மட்டும் ஈரமா இருக்கும், எங்கேயிருந்துன்னே தெரியாது.

ஏர் ட்யூபுக்கான சின்ன செக் வால்வு ஒரு வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு வெள்ளிதான். ஊதிப் பார்த்தே திசை தெரிஞ்சுக்கலாம்: பம்ப் பக்கமிருந்து ஊதினா காற்று போகணும், தொட்டிப் பக்கமிருந்து ஊதினா போகக் கூடாது. தொட்டி விளிம்புக்குப் பக்கமா, மேலேயே மாட்டுங்க. உள்ளே இருக்கிற ரப்பர் நாக்கு வருஷத்துக்குள்ள கெட்டியாயிடும், வாயால ஊதிப் பார்த்து மாத்திடுங்க. அதைவிட நல்லது, ஏர் பம்பையே தொட்டி மட்டத்துக்கு மேல ஒரு ஆணியில மாட்டிடறது.

யூபிஎஸ் கேட்டீங்களே. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா கணக்குக்கு 84 வாட்-அவர். மாத்துறதுல போறது, முழுசா வடிய விடக் கூடாதது எல்லாம் கழிச்சா 50 கிடைக்கும். உங்க 60 வாட் பம்புக்கு ஒரு மணி நேரம்கூட வராது. அதே பேட்டரியில 5 வாட் ஏர் பம்ப் கணக்குக்கு 10 மணி நேரம் ஓடும். கரண்ட் இல்லாதப்ப மீனுக்கு வேண்டியது காற்று, வடிகட்டறது இல்ல. அதனால யூபிஎஸ் வாங்கினா ஏர் பம்புக்கு மட்டும் கொடுங்க, இல்லேன்னா யூஎஸ்பி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி பவர்பேங்க்ல மாட்டுங்க, முடிஞ்சது. கரண்ட் வர்ற வரைக்கும் மீனுக்குச் சாப்பாடு போடாதீங்க.

வழியறதைத் தடுக்க யூபிஎஸ்ஸை நம்பறது மட்டும் வேண்டவே வேண்டாம். பேட்டரி தீர்ந்த நிமிஷம் அதே 112 லிட்டர், அதுவும் நடு ராத்திரியில.

——

வயர்மேன்_ஈப்போ:

கரண்ட் பக்கம் ரெண்டு வார்த்தை.

முதல்ல எது போகுதுன்னு பிரிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டு விளக்கும் போனா டிஎன்பி, 15454க்கு அழைச்சுச் சொல்லலாம். உங்க வீடு மட்டும்னா பாக்ஸைத் திறந்து எந்தக் கைப்பிடி விழுந்திருக்குன்னு பாருங்க. இடிக்கு விழறது பெரும்பாலும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்தற சுவிட்ச்). பழைய தாமான் வீடுகள்ல முழு வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி இருக்கும், அது விழுந்தா ஃபிரிட்ஜ், தொட்டி எல்லாம் சேர்ந்து நிக்கும். வீட்டுல ஆள் இல்லேன்னா ராத்திரி வரைக்கும் யாரும் தூக்கி விடப் போறதில்ல. தொட்டிக்கு மட்டும் தனி லைன், அதுக்குத் தனியா 30 மில்லிஆம்பியர் ஆர்சிபிஓ (மின்கசிவுக்கும் அதிகக் கரண்டுக்கும் விழற சுவிட்ச்) போட்டா மத்த சர்க்யூட் கோளாறு தொட்டியை இழுக்காது, தொட்டிக் கோளாறு ஃபிரிட்ஜை நிறுத்தாது. ஆனா அந்தத் தனி லைன் பழைய ஆர்சிசிபிக்குப் பின்னாடி வந்தா பாதிப் பயன்தான், பாக்ஸையே பிரிச்சு அமைக்கணும். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனை வச்சுச் செய்யுங்க. அடிக்கடி விழுதேன்னு ஆர்சிசிபியை நேரா இணைச்சு ஓட்டறவங்க இருக்காங்க. தண்ணியில கை விடற இடத்தில அது தற்கொலை.

அடிக்கடி விழறதுக்கு இடி மட்டும் காரணமா இருக்காது. பழைய பம்போட வயர் தோல் வெடிச்சு லேசாக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், இடி அதை வரம்பு தாண்டித் தள்ளிவிடும். பம்பைக் கழற்றி வச்சிட்டு ரெண்டு இடி மழை பாருங்க (ஏர் பம்பைத் தனி ப்ளக்கில் ஓட்டிக்கிட்டு). விழலேன்னா குற்றவாளி பம்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

எக்ஸ்டென்ஷன் கேபினட் தரையில கிடக்கக் கூடாது. சம்ப் விளிம்பை விட உயரமா, கேபினட் பக்கப் பலகையில திருகி மாட்டுங்க. பம்ப் வயர் நேரா ப்ளக்குக்கு ஏறக் கூடாது. முதல்ல ப்ளக்கை விடக் கீழே ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேலே ஏறணும். வயரோட வழியிற தண்ணி அந்தத் தொங்கல்ல சொட்டிடும், சாக்கெட்டுக்குப் போகாது. தரையில தண்ணி நின்னா கேபினட்டைத் தொடறதுக்கு முன்னாடி பாக்ஸ்ல மெயினை அணைங்க.

——

கித்தாக்காடு31:

எல்லாருக்கும் நன்றி. ஆட்டோ டாப்-அப் (மட்டம் குறைஞ்சா தானா தண்ணி ஊத்தற கருவி) ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், இன்னும் மாட்டல, பக்கத்துல 40 லிட்டர் வாளியில தண்ணி. அது கரண்ட் கட்டுல தொந்தரவு பண்ணுமா?

——

சம்ப்கணக்கு:

பண்ணும், அதுவும் சின்னச் சின்னதாக. கரண்ட் இல்லாதபோது சம்ப் மட்டம் உயர்ந்திருக்கும், அப்போது ஓடாது. கரண்ட் வந்ததும் பம்ப் முதலில் பைப்பையும் பெட்டியையும் நிரப்பி, தொட்டி மட்டத்தை 2 செ.மீ. ஏற்ற வேண்டும். அந்த ஒன்றிரண்டு நிமிஷம், வடிகால் முழு வேகம் பிடிக்கும் முன், ரிட்டர்ன் அறை மட்டம் 20க்கும் கீழே இறங்கும். சென்சார் தண்ணீர் குறைந்தது என்று நினைத்து வாளியிலிருந்து ஊற்றும். பிறகு மட்டம் பழையபடி ஏறும், ஊற்றினது கூடுதல். இடி மழையில் ஒரே சாயங்காலம் நாலு தடவை போய் வந்தால் நாலு தடவை ஊற்றும்.

இரண்டு வழி. சென்சார் தண்ணீர் குறைந்து சில நிமிஷம் பொறுத்தே ஊற்றுகிற மாதிரி தாமதம் வைக்க முடிந்தால் வையுங்கள். வாளியையும் சின்னதாக்குங்கள். 10 லிட்டர் போதும். முழு 40 லிட்டரும் சம்பில் இறங்கினால் எந்தக் கணக்கும் தாங்காது. வாளித் தண்ணீர் மட்டம் சம்ப் மட்டத்தை விட உயரமாக இருக்கக் கூடாது, டாப்-அப் ட்யூபின் முனை சம்ப் தண்ணீரில் முங்கவும் கூடாது. இல்லாவிட்டால் அதுவும் ஒரு சைஃபன், வாளி பூரா தானாக இறங்கும்.

இப்போது சோதனை. இடி இல்லாத நாளாகப் பாருங்கள், காலையில். பைப் வேலை எல்லாம் முடித்து ரிட்டர்ன் அறையில் 20 செ.மீ. வைத்துப் பம்பை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்விட்சை அணையுங்கள். பக்கத்தில் வாளியும் துணியும் இருக்கட்டும். பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்து நில்லுங்கள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நின்றுவிட்டது என்று எழுந்து போவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சீப்பு வழிவது நின்றாலும் ரிட்டர்ன் பைப் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கும். சம்ப் மட்டத்தை எழுதுங்கள்.

பிறகு பம்பைப் போட்டு அடங்கவிட்டு, இரண்டு 6 மி.மீ. ஓட்டையையும் கறுப்பு டேப் சுற்றி அடையுங்கள். மறுபடி அணையுங்கள், மறுபடி பத்து நிமிஷம். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். என் கணக்குப்படி சம்ப் மட்டம் முதலில் 31 செ.மீ.க்குப் பக்கத்திலும், அடுத்தது 34 செ.மீ.க்குப் பக்கத்திலும் நிற்க வேண்டும். டேப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சீப்புப் பல்லை வாராவாரம் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். பல் அடைத்தால் 2 செ.மீ. நிற்கிற தண்ணீர் 3 ஆகும். அந்த 1 செ.மீ.க்கு 9 லிட்டர்.

——

கித்தாக்காடு31:

ஞாயிறு முடிச்சாச்சு. பைப்பை வெட்டி வாயை 3 செ.மீ.க்கு ஏத்தினேன். வடிகால் முனை இப்போ 3 செ.மீ. முங்குது, சாய்வா வெட்டினது. ஏர் ட்யூபுக்கு வால்வு மாட்டியாச்சு. செக் வால்வு வாங்கல, அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம்.

சோதனை: ஓட்டை திறந்தபடி 31.5. டேப் சுத்தினப்ப 34. விளிம்பு 38. கரண்ட் வந்ததும் குடுகுடு ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்குது.

ஒரே ஒரு சந்தேகம். 20 செ.மீ. கோட்டுக்கு மேல எவ்வளவு வரைக்கும் ஊத்தலாம்? வாரம் ஒரு தடவைதான் ஊத்த நேரம் இருக்கு.

——

சம்ப்கணக்கு:

ரிட்டர்ன் அறையில் 25 வரை போங்கள். 5 செ.மீ. என்றால் கூடுதலாக 6 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சம்ப் முழுக்கப் பரவினால் 1.7 செ.மீ. ஏறும். ஓட்டை அடைத்த நிலையிலும் 36க்குள் நிற்கும். மேல் தொட்டிப் பக்கமும் சரிதான்: பம்ப் இழுக்கக்கூடியது 14 லிருந்து 20 லிட்டருக்குள் ஆகும், தொட்டியில் 36 காலி இருக்கிறது. 25ல் சிவப்பு டேப் ஒட்டுங்கள், உள்ளே இல்லை, வெளிக் கண்ணாடியில். பம்ப் ஓடும்போது மட்டுமே அந்தக் கோட்டைப் பார்த்து ஊற்ற வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பம்ப் நின்றிருக்கும்போது பார்த்தால் கோடு தண்ணீருக்கு அடியில் இருக்கும். அப்போது நிறைய இருக்கிறதே என்று யாராவது வாளி போட்டு மொண்டுவிட்டால், கரண்ட் வந்ததும் பம்ப் வறண்டு ஓடும்.

அப்படி மொண்டுவிட்டாலோ, வழிந்து போனாலோ, அவசரத்தில் குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்துவிடாதீர்கள். எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்களோ அதற்குத் தகுந்த ஆன்டி-குளோரின் முதலில் வாளியில்.

——

பைப்புக்கடை_தைப்பிங்:

கோவிக்கல தம்பி. அந்த ரெண்டு ஓட்டையையும் சீப்புப் பல் தேய்க்கிற அன்னிக்கே பல்குச்சி விட்டுக் குத்திடுங்க.